கை ஓடுதா, மயிலக்கா?

இல்லீங்க, தண்ணி வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பாட்டில நீட்டறப்பவே நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு, இருந்தாலும் வேணாம். பழமும் வேணாங்க. கோயில்ல குடுத்ததா? அப்ப இப்படிக் குடுங்க, கண்ணுல ஒத்திக்கறேன். இந்தாங்க, நீங்களே வச்சுக்குங்க. வீட்ல புள்ளைங்களுக்கு ஆகும்.

வெரதமெல்லாம் இல்ல. எனக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. டயாலிசிஸ்லதான் ஓடிக்கிட்டிருக்கு. ஒண்ணு விட்டு ஒரு நாள் முசிறிலேருந்து திருச்சி வரணும், மெஷின்ல படுக்கணும், சாறு புழிஞ்ச கரும்புச் சக்கையாட்டம் திரும்பிப் போவணும். ஒண்ணுக்குப் போறது நின்னு போச்சுங்களா, அதனால குடிக்கற தண்ணி அப்படியே ஒடம்புலயே தங்கிடும். காலு வீங்கும், மூஞ்சி வீங்கும், அப்பறம் நெஞ்சுல ஏறி மூச்சு முட்டும். அதான் ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு அளந்து விட்டிருக்காங்க. காபி, கொழம்பு, மாத்திர முழுங்கற தண்ணி, எல்லாம் அதுக்குள்ளயேதான். இந்தச் சித்திர வெயில்ல நெனச்சுப் பாருங்க. இப்ப பாலத்துல வந்தமே, காவேரி மணலாக் கெடந்துச்சே, எல்லாரும் அதப் பாத்து உச்சுக் கொட்டறாங்க. எனக்கு ஒரு வகைல நிம்மதிங்க. தண்ணி ஓடறத பாக்க வேணாம்ல.

வாழப்பழமா, அது தண்ணியவிட மோசம். எளநி, கீர, வாழப்பழம், மூணும் எங்களுக்கு வெசம். ஏதோ உப்புச்சத்து ஏறி நெஞ்சே நின்னுருமாம். எங்க வீடு இருக்கறதே வாழத் தோப்புக்குள்ளதான். வாசல்ல பூவன், கொல்லைல கற்பூரவள்ளி. தாரு பழுத்து வாசன வர்றப்ப முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். சிரிக்கறீங்க. சிரிக்க வேண்டியதுதான், நானும் சிரிச்சிருக்கேன்.

இந்தக் கையா? பாத்துட்டீங்களா. பயப்படாதீங்க, ஒட்டிக்கற வியாதி இல்ல. முந்தானைய இழுத்து மூடித்தான் வச்சிருந்தேன், பஸ்சு குலுக்குன குலுக்குல வெலகிப் போச்சு. ரெண்டு ரத்தக் கொழாய ஒண்ணாச் சேத்துத் தச்சு விட்டிருக்காங்க. அதுலதான் ஊசி குத்தி ரத்தத்த எடுத்து, மெஷின்ல அலசி, திருப்பி ஏத்தறது. அதான் இப்படிப் பொடச்சுக்கிட்டு நிக்குது. இந்தக் கைல வளையல் போடக்கூடாது, கொடம் தூக்கக்கூடாது, ஒருக்களிச்சுப் படுக்கறப்ப இதும்மேல படுக்கக்கூடாது. தொட்டுப் பாக்கறீங்களா? பரவால்ல, மெதுவா வைங்க. கிர்ருன்னு உள்ள ஓடுது பாத்தீங்களா. பூன மடியில படுத்துக்கிட்டு கொறுகொறுங்குமே, அது மாதிரி. இது ஓடற வரைக்கும்தாங்க மெஷினு. திடீர்னு ஒரு நாள் அடச்சுக்கும், நின்னுரும். அப்பறம் அடுத்த கை. அதுவும் நின்னா கழுத்து, தொட. ஒடம்புல எடம் தீந்து போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. அதனால காலைல கண்ணு முழிச்சதும் எங்காளுங்க சாமிய நெனைக்கறதுக்கு முன்னாடி கையத் தொட்டுப் பாப்பம்.

தனியா வரலீங்க. வீட்டுக்காரரு வந்திருக்காரு. அந்தா, டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல கட்டம் போட்ட சட்ட போட்டுக்கிட்டு தல தொங்கிப் போயி தூங்கறாரே, அவருதான். காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல மனுசன். தூங்கட்டும். நாம கொஞ்சம் மெதுவா பேசிக்குவம்.

இன்னைக்கு டயாலிசிஸ்க்கு வரலீங்க. வேற கிட்னி வைக்கறதுக்குப் பதிஞ்சு வச்சிருந்தோம், எறந்து போனவங்ககிட்டேருந்து எடுத்து வைப்பாங்கல்ல, அதுக்கு. காலைல ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்துச்சு, ஒண்ணு வந்திருக்கு, ஒடனே கெளம்பி வாங்க, வாயில பச்சத் தண்ணி படக்கூடாதுன்னு. எனக்கு எதுக்குங்க அத சொல்லணும். ஓடிப் போனோம். இப்ப திரும்பிப் போறோம். ஒத்துப்போகலையாம். ஆமாங்க. கூட வந்திருந்த இன்னொரு பொண்ணுக்கு வைக்கறாங்க.

அய்யோ, நீங்க ஏன் கண்ணத் தொடைக்கறீங்க. விடுங்க. அந்தப் பொண்ணு யாரோ இல்ல. எனக்குத் தெரிஞ்சவதான். தெரிஞ்சவன்னா, இன்னைக்குத்தான் மொத மொதல்ல மொகத்தப் பாத்தேன். ஆனா தெனம் காலைல அவ கொரல் கேக்காம எனக்குப் பொழுது விடிஞ்சதில்ல. அதெப்படின்னா, வாட்சப்புங்க.

எங்களுக்குன்னு ஒரு குரூப்பு இருக்கு. டயாலிசிஸ் பண்ணிக்கறவங்க மட்டும். நான் ஏழாவதோட நின்னவ. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், ஆனா டைப்பு அடிக்கறதெல்லாம் ஆவாது. என் மகன் அஜித்துதான் அதுல கோத்து விட்டான். அவன் திருப்பூர்ல இருக்கான். நான் தெனம் அவனுக்குப் போனப் போட்டு அழுவனா, அவனுக்கு வேல ஓடல. அம்மா, உன்ன மாதிரி ஆளுங்க நெறைய பேரு இருக்காங்க, அவங்ககிட்ட அழுன்னு போட்டு விட்டான். குரூப்ப நடத்தறது மார்ட்டின் சாருன்னு ஒரு பெரியவரு. கைலாசபுரத்துல ஃபேக்டரில வேல பாத்து ரிட்டையர் ஆனவரு. ரொம்ப வருசமா மெஷின்லயே இருக்கறவரு. கறாரான ஆளு. பூ படம் போட்டு குட்மார்னிங் அனுப்பக்கூடாது, அந்த எலைய அரச்சுக் குடி இந்த வேரக் கொதிக்க வைன்னு வைத்தியம் போடக்கூடாது. பாலக்கரைல அப்துல் மாலிக் பாய்னு ஒருத்தரு, வெளையாட்டா ஏதோ ஒரு கஷாயத்தப் போட்டுட்டாரு. மார்ட்டின் சார் அவர ஒரு வாரம் வெளிய நிறுத்திட்டாரு. பாய் அதுக்கும் சிரிச்சாரு. ஸ்கூல்ல பெஞ்சு மேல ஏறி நின்னப்பகூட இவ்வளவு வெக்கப்பட்டதில்லன்னாரு.

நான் உள்ள போயி வாயே தொறக்கல. எல்லாரும் படிச்சவங்க, நல்லா பேசறாங்க. பொட்டாசியங்கறாங்க, கிரியாட்டினிங்கறாங்க. நான் என்னத்தப் பேச. சும்மா ரெண்டு கையக் கும்பிடற படத்த மட்டும் அமுக்கி விடுவேன். அப்பறம் ஒரு நாளு, போன வருசம், இதே மாதிரி வெயிலு. தாகம் தாங்கல. வீட்டுக்காரரு தோப்புக்குத் தண்ணி பாய்ச்சறாரு, மோட்டாரு ஓடுது, வாய்க்கால்ல மொளுமொளுன்னு போவுது. எனக்கு ஒரே ஆத்திரம். போன எடுத்து மகனுக்குப் பேசி அனுப்பறேன். அடேய் அஜித்து, என்னால முடியலடா, உங்கப்பன் வாழைக்குக் குடுக்கற தண்ணியில எனக்கு ஒரு சொம்பு கெடையாதாடா, இந்தா வாளியத் தூக்கிட்டேன், ஒரு வாளி தண்ணியக் குடிச்சுட்டு சாவறேன், நீ வந்து கொள்ளி வையின்னு. அது மகனுக்குப் போவலீங்க. குரூப்புக்குப் போயிருச்சு.

கேளுங்க கூத்த. போனு அடிக்குது, அடிக்குது, யார் யாரோ பேசறாங்க. மாலிக் பாயி எங்க ஊரு போலீஸ் ஸ்டேசன் நம்பரத் தேட ஆரம்பிச்சுட்டாராம். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அப்ப ஒரு பொம்பளக் கொரலு. ஸ்ரீரங்கத்துக்காரங்க பேச்சு இருக்குல்ல, வாங்கோ போங்கோன்னு. பதட்டமே இல்ல. அக்கா, என் பேரு மகாலட்சுமி, மொதல்ல அந்த வாளியக் கீழ வையுங்கோ, வச்சுட்டுப் பேசுங்கோங்கறா. நான் வாளியத் தூக்கவே இல்லம்மா, சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன்னேன். அப்ப நல்லதாப் போச்சு, கை நோகாம இருக்கும், சாய்ஞ்சு உக்காந்துண்டு அழுங்கோ, நான் கேட்டுண்டு இருக்கேன்னா. அப்படியே கேட்டா பாருங்க. நான் அழுவற வரைக்கும் ஊங் கொட்டிக்கிட்டே கேட்டா. கடைசியில, எலுமிச்சம்பழச் சாற ஐஸாக்கிச் சின்னத் துண்டா வாயில அடக்கிக்குங்கோ, தண்ணி குடிச்ச மாதிரியும் இருக்கும், கணக்கும் அவ்வளவா ஏறாதுன்னு சொல்லிக் குடுத்தா.

அன்னையிலேருந்து அப்படித்தான். வயசு? சின்னவதாங்க. ஸ்கூலுக்குப் போற பொண்ணு ஒண்ணு இருக்கு. வீட்டுக்காரரு தெற்கு வாசல் பக்கம் ஒரு கடைல கணக்கு எழுதறாரு. இவ வீட்லயே புள்ளைங்களுக்கு டியூசன் எடுப்பா. எப்படித்தான் தெம்பு இருக்குமோ, தெனம் காலைல மொத ஆளா வந்துருவா. கை ஓடுதா, மயிலக்கா? மயிலம்மாள்ங்கற பேர யாரும் இவ்வளவு ஆசையாக் கூப்பிட்டதில்லீங்க. நான் ஓடுதும்மா, ஒனக்கு ஓடுதாம்பேன். ஜம்முன்னு ஓடறது அக்காம்பா. அதக் கேட்டுக் கேட்டு குரூப்புல எல்லாருக்கும் அதுவே பழக்கமாயிடுச்சு. மார்ட்டின் சாருகூட காலைல வந்து, ஓடுது, அப்படின்னு ஒத்த வார்த்தையப் போட்டுட்டுப் போயிருவாரு. யாராவது போடலன்னா மத்தவங்க போன் பண்ணிருவாங்க.

நானும் அவளுக்குச் செஞ்சிருக்கேங்க. செய்யாம இல்ல. ஒரு சமயம் அவளுக்கு மெஷின்ல படுத்திருக்கறப்ப பிரஷர் எறங்கி மயக்கமாயிடுச்சு. அப்பறம் மெஷினப் பாத்தாலே நடுக்கம், போவ மாட்டேன்னுட்டா. வீட்டுக்காரரு கெஞ்சறாரு, கேக்கல. நான் அப்ப இங்க மெஷின்ல படுத்திருந்தேன். படுத்துக்கிட்டே இன்னொரு கையால போன எடுத்துப் பேசினேன். ஏன்டி, நான் ஏழாவது படிச்சவ தைரியமாப் படுத்திருக்கேன், நீ டீச்சரம்மா பயப்படறியா, நாளைக்கு ஒன் டியூசன் புள்ளைங்க பரிச்சைக்குப் பயந்தா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திட்டுவேன்னேன். அவ படுத்து ஊசி குத்தற வரைக்கும் போன வைக்கல. எனக்கே பயம்ங்க, நான் அவளுக்கு தைரியம் சொல்றேன். எனக்கு அப்படி ஒரு பேச்சு இருக்குன்னே அப்பத்தான் எனக்குத் தெரியும்.

ஆமா, அந்தா தெரியுது பாருங்க கோபுரம். அந்தப் பக்கம்தான் அவ வீடு. வா வான்னு கூப்பிட்டா, வரேன் வரேன்னே போயிடுச்சு. மெஷின் முடிஞ்சா நிக்கத் தெம்பிருக்காது, இதுல எங்க எறங்கி எங்க ஏற.

சரி, இன்னைக்குக் கதைக்கு வாரேன். எங்க குரூப்புல ஒரு பழக்கம். யாருக்காவது கிட்னி வந்திருக்குன்னு போன் வந்துச்சுன்னா, மத்தவங்க எல்லாரும் அன்னைக்கு ஒரு டம்ளர் தண்ணிய விட்டுருவோம். எங்க பங்குல ஒரு டம்ளர். அவங்களுக்காக. யாரு ஆரம்பிச்சாங்கன்னு தெரியல. வசதி உள்ளவங்க அன்னதானம் பண்ணுவாங்க, எங்ககிட்ட இருக்கறது அந்தத் தண்ணிதானே. ஒரு டம்ளருன்னா ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. எங்களுக்கு அது அரை நாளு.

காலைல போன் வந்ததும் நான் குரூப்புல சொன்னேன். சொல்லி வாய மூடல, மகாலட்சுமி வர்றா, எனக்கும் போன் வந்திருக்கு, நானும் கெளம்பிண்டிருக்கேன்னு. குரூப்பே குதிச்சுது. ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் வருதுன்னா சும்மாவா. படமாப் போட்டுத் தள்ளறாங்க. மாலிக் பாயி நான் ரெண்டு டம்ளர் விடறேன், மயிலக்காவுக்கு ஒண்ணு, லட்சுமிக்கு ஒண்ணுன்னுட்டாரு. மார்ட்டின் சார் மட்டும் படம் போடல. அப்பறம் மெதுவா சொன்னாரு. ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ரத்த வகை. வந்திருக்கறது ஒண்ணுதான், இன்னொண்ணு வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடும். ஒருத்தருக்கு ஒத்துவரலன்னா இன்னொருத்தருன்னு ஒண்ணுக்கு மேலயே கூப்பிடுவாங்கன்னு. அதோட படம் போடறது நின்னு போச்சு. யாருக்கு வேண்டிக்கறதுன்னு யாருக்கும் தெரியல. பாயி மட்டும் அப்பறமும், பரவால்ல, ரெண்டு டம்ளரு ரெண்டு டம்ளருதான்னாரு.

வாடகைக் கார்ல வர்றப்பவே எனக்கு நெனப்பெல்லாம் எங்கெங்கயோ போவுது. ஆபரேஷனப் பத்தி மட்டுமில்ல. ஒரு பையன் வண்டியில விழுந்து மூளைச்சாவாம். அவங்க அம்மா ஆஸ்பத்திரில எங்கயோ ஒரு மூலைல உக்காந்திருப்பால்ல. நான் இவ்வளவு நாளா போன் வரணும், போன் வரணும்னு சாமியக் கும்பிட்டேன். அது என்ன வேண்டுதல், யோசிச்சுப் பாருங்க. யாரு வீட்லயோ எழவு விழணும்னு கும்பிட்டிருக்கேன். வீட்டுக்காரருகிட்ட சொன்னா, நீ எத நெனச்சாலும் ஏடாகூடமாவே நெனைன்னு வையறாரு.

போனா, ஆஸ்பத்திரி நடையில வரிசையா சேரு. ஆட்டோவுல வர்ற ஆளத் தெரியாட்டியும் ஹாரன் சத்தம் தெரியும் பாருங்க, அந்த மாதிரி, ஒரு பொண்ணு நர்சுகிட்ட என்னமோ கேட்டா, எனக்குக் கொரலு தெரிஞ்சு போச்சு. நான் அவள நல்லா வாட்டசாட்டமா, பெரிய மூக்குத்தி போட்டு, ஒரு மாமியா நெனச்சு வச்சிருந்தேன். அந்தக் கொரலு அப்படி. இங்க பாத்தா, ஒரு கைப்பிடிதாங்க இருக்கா. எங்க தோப்புல பக்கக் கன்னு மாதிரி. நான் எழுந்திருச்சு, கை ஓடுதா மகாலட்சுமின்னேன். அவ திரும்பிப் பாத்து ஓடி வந்து கட்டிக்கிட்டா. சிரிக்கறோம், அழுவறோம். ரெண்டு ஆம்பளைங்களும் ஒருத்தர ஒருத்தரு பாக்கவே இல்ல. எலெக்சன்ல ஒரே வார்டுக்கு நிக்கறவனுங்க மாதிரி அங்கொருத்தரு இங்கொருத்தரு உக்காந்துட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒட்டி உக்காந்துக்கிட்டோம்.

ரத்தம் எடுத்துட்டுப் போயிட்டாங்க. முடிவு தெரிய நேரமாவும்னாங்க. அவ எனக்குத் தைரியம் சொல்றா. நீங்கதான்க்கா முன்னாடி பதிஞ்சேள், பெருமாள் உங்களுக்குன்னு எழுதி வச்சிருக்கார், வச்சுண்டு வந்தப்பறம் ஒரு சொம்புத் தண்ணி முழுசாக் குடிச்சுட்டு எனக்கு எப்படி இருந்ததுன்னு சொல்லுங்கோங்கறா. நான் ஒனக்குத்தான்டி வரும், நீ புள்ள வச்சிருக்கியேங்கறேன். இப்படியே மாத்தி மாத்தி. வெளிய கேட்டா ரெண்டு பேரும் பந்தியில உக்காந்து, நீ சாப்பிடு நீ சாப்பிடுன்னு உபசாரம் பண்ற மாதிரி இருக்கும். உள்ள? பொய் சொல்ல மாட்டேங்க. உள்ள எனக்கு வரணும்னுதான் இருந்துச்சு. அவளுக்கும் இருந்திருக்கும். இருக்காதா.

அப்பத்தான் ஃபேன் காத்துல அவ முந்தான வெலகுச்சு. கழுத்துக்குக் கீழ இங்க, நெஞ்சுல, ரெண்டு டியூபு தொங்குது. பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்காங்க. கை நின்னு போனவங்களுக்குத்தாங்க அது போடுவாங்க. கையப் புடிச்சுப் பாத்தேன். எடக் கை. ஒண்ணுமில்ல. கட்ட மாதிரி கெடக்கு. வலக் கையத் தொட்டேன். அதுலயும் தையல் போட்ட தழும்பு இருக்கு, ஓட்டம் இல்ல. என்னடி இது, தெனம் காலைல ஜம்முன்னு ஓடறதுன்னு சொன்னியேடின்னேன். அவ முந்தானைய இழுத்து மூடிக்கிட்டா. பொங்கலுக்கு முன்னாடியே நின்னுடுத்து அக்கான்னா. இந்த டியூபுலயும் ரெண்டு தடவ சீழ் புடிச்சு மாத்தியாச்சு, இனிமே எடம் தேடறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஏன்டி குரூப்புல சொல்லலன்னு கேட்டேன். நான் ஓடலன்னு போட்டா நீங்க அன்னிக்கே பயந்துண்டு சாப்பிடாமக் கெடப்பேளே, மயிலக்கா. அவ்வளவுதான் சொன்னா.

நான் அப்படித்தாங்க. அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. குரூப்புல யாருக்காவது ஒண்ணுன்னா எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது. எனக்குச் சோறு எறங்கணும்னு ஒருத்தி தெனம் காலைல எழுந்து பொய் சொல்லியிருக்கா.

அப்பறம் டாக்டரம்மா என்ன மட்டும் உள்ள கூப்பிட்டாங்க. வீட்டுக்காரரு கீழ வாசல்ல இருக்கற பிள்ளையாருக்குத் தேங்கா ஒடைக்கப் போயிருந்தாரு. நான் பேசிட்டு வெளிய வந்தேன். அவரு ஒடச்ச தேங்காயோட மேல வர்றாரு. ஒத்துப்போகலையாங்கன்னேன். அந்தத் தேங்கா மூடிய எங்க வைக்கறதுன்னு தெரியாம ரெண்டு கைலயும் வச்சுக்கிட்டே நின்னாரு. அப்பறம் என்ன தோணுச்சோ, நேரா போயி மகாலட்சுமி வீட்டுக்காரரு கைல ஒரு மூடியக் குடுத்தாரு. அவரு இவரு தோள்ல சாஞ்சுக்கிட்டு அழுதாரு. காலைலேருந்து மூஞ்சியப் பாக்காத ஆளுங்க.

அவள உள்ள கூட்டிக்கிட்டுப் போறப்ப என் கைய விட மாட்டேங்கறா. அய்யோ அக்கா, உங்களுக்கு வந்திருக்கணும்க்கா, அய்யோ அக்கான்னு அதையே சொல்றா. சாயங்காலம் என் பொண்ணுக்குப் போன் பண்ணி நீங்க பேசுங்கோ, உங்க கொரல்னா அவ கேப்பான்னா. பேசணும். டோல்கேட்டு தாண்டினதும் சத்தம் கொறையும், அப்பப் பேசணும்னு நெனச்சேன், உங்ககிட்டயே பேசிக்கிட்டு வந்துட்டேன். எறங்கினதும் பேசறேன்.

என்னது? எது ஒத்துப்போகலன்னா? ரத்தமா, வேற ஏதாவதான்னு கேக்கறீங்களா. நீங்க நல்லா கேள்வி கேக்கறீங்க. எங்க வீட்டுக்காரரு இன்னும் அதக் கேக்கல. நாளைக்குக் கேப்பாரு. அஜித்து கட்டாயம் கேப்பான், டாக்டர் நம்பரக் குடுன்னுவான். அதான் எனக்கு இப்ப கவல. நீங்க எங்க எறங்கணும், குணசீலமா? இந்தா வந்துருச்சு, வாத்தல தாண்டிட்டோம்.

ஒத்துப்போச்சுங்க. ரெண்டு பேருக்குமே ஒத்துப்போச்சாம். வரிசப்படி எனக்குத்தான்னு சொல்லித்தான் டாக்டரம்மா கூப்பிட்டாங்க, கையெழுத்துப் போடும்மான்னு. அந்தப் பொண்ணுக்கே வச்சுருங்கம்மான்னேன். யாருக்கு வைக்கணும்னு நீங்க சொல்ல முடியாதும்மா, வேணும் வேணாம்னு மட்டும்தான் சொல்லலாம்னாங்க. சரி, வேணாம்னு சொன்னா யாருக்குப் போவும்னேன். அடுத்து இருக்கறவங்களுக்குன்னாங்க. அப்ப எனக்கு வேணாம்னேன். அந்தம்மா விடல. புரிஞ்சுதான் சொல்றியா, இன்னொண்ணு எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது, வராமயே போனாலும் போவும்னாங்க. புரியுதுங்கம்மா, இன்னைக்குக் காலைல என் கை ஓடுச்சுன்னேன். அந்தப் பொண்ணுக்குத் தெரிய வேணாம், என் வீட்டுக்காரருக்கும் தெரிய வேணாம்னேன்.

பெரிய மனசெல்லாம் இல்லீங்க. அப்படிப் பாக்காதீங்க என்ன. எனக்கு ஆபரேஷன்னா பயமும்தான். பாதி அவளுக்காக, பாதி பயந்துக்கிட்டு. எது எவ்வளவுன்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல. ஒங்ககிட்ட சொல்லலாம், நீங்க எறங்கிப் போயிருவீங்க. குரூப்புல இப்ப எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டிருப்பாங்க. நான் தொறந்தே பாக்கல.

பஸ்சு நிக்குது, பைய எடுத்துக்குங்க. மெதுவா. அவரு முழிச்சுட்டாரு பாருங்க, திரும்பிப் பாக்கறாரு. வெரலக் காட்டி என்னமோ ஜாடை பண்றாரே, அது என்னன்னா, அடுத்தது நமக்குத்தான்னு சொல்றாரு. ஆஸ்பத்திரிப் படி எறங்கினதுலேருந்து அதையேதான் சொல்லிக்கிட்டு வர்றாரு. ஆமாங்க, நமக்குத்தான். நீங்களும் எறங்கறதுக்கு முன்னாடி அவரப் பாத்து ஒரு தலையாட்டு ஆட்டிட்டுப் போங்க.